முன்கூடத்துத் தொட்டியும் இடக்கொச்சிக் காயலும்

இடவப்பாதி மழை வலுத்துவிட்டால் இடக்கொச்சியையும் அரூரையும் சேர்க்கும் பாலத்தின் அடியில் தண்ணீர் தெரிவதில்லை. கிழக்கிலிருந்து இறங்கும் ஆறுகள் தள்ளிக்கொண்டு வந்த குளவாழை காயலை மூடிக் கிடக்கும். தமிழ்நாட்டில் ஆகாயத்தாமரை என்றும் வெங்காயத்தாமரை என்றும் சொல்லும் அதே செடிதான். காற்று தள்ளும் பக்கமெல்லாம் அது மொத்தமாக நகர்கிறது. வள்ளத்தின் துடுப்பு அதில் சிக்குகிறது. சீனவலையை ஏற்றினால் மீனுக்கு முன்னால் செடி வருகிறது. மழை ஓய்ந்து, மார்கழி வாக்கில் கடலின் உப்பு உள்ளே ஏறத் தொடங்கியதும் அந்தப் பச்சை பழுத்து, கருகி, அடியில் அமிழ்ந்து அழுகும். அடுத்த மழைக்கு மறுபடியும் புதிதாக வந்து சேரும்.

அருகில் போய்ப் பார்த்தால் அழகான செடி. காற்றடைத்த காம்பு, மெழுகு பூசியது போன்ற இலை, இளம் ஊதாப் பூ, மேலிதழில் மயிற்பீலிக் கண்போல ஒரு மஞ்சள் பொட்டு. அந்த அழகுக்காகத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி வங்காளத்துத் தோட்டக் குளங்களுக்கு வந்தது. 1936-ல் இதை ஒழிப்பதற்கென்றே வங்காளத்தில் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அந்தப் பூக்களைப் பார்ப்பவர் பார்ப்பது, யாரோ ஒருவர் ஆசையாகத் தன் தொட்டியில் வைத்த செடியின் வாரிசுகளை.

இடக்கொச்சியில் ஓர் அலுவலகம் தன் முன்கூடத்தில் நீர்த்தொட்டி வைக்க நினைத்தால், அதற்கு எந்தச் செடி என்ற யோசனையை இந்தப் பாலத்தில் நின்று தொடங்குவது நல்லது.

கொச்சியில் புதிதாக எழும் கட்டடங்களில் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு நீர்த்தொட்டி இருப்பது இன்று சாதாரணம். கருங்கல் தொட்டி, சின்ன மோட்டார், கல்லின் மேல் வழிந்து இறங்கும் தண்ணீர், சுற்றிலும் பச்சை. ஆசை மட்டும் பழையது. நாலுகெட்டு வீட்டின் நடுமுற்றத்தில் மழை நேராக வந்து விழுந்தது, செட்டிநாட்டு வளவில் விழுந்ததைப் போல. பூ மிதக்கும் வெண்கல உருளி கேரளத்து விடுதி வாசல்களில் இன்றும் இருக்கிறது. காயலும் கடலும் மழையும் சூழ்ந்த ஊரில், கூரைக்குக் கீழேயும் கொஞ்சம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க மனிதர்கள் விரும்பியிருக்கிறார்கள்.

அந்த விருப்பத்துக்கு நியாயம் உண்டு. 1984-ல் ராஜர் உல்ரிக் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரை இரண்டு கூறாகப் பார்த்தார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், அவர்களுக்குத் தேவைப்பட்ட கடும் வலி மருந்தும் குறைவு. பச்சையைப் பார்ப்பதால் உடம்புக்குக் கிடைக்கும் ஆறுதல் கற்பனை இல்லை என்று சொல்ல இந்த ஓர் ஆய்வே ஒரு தொடக்கம்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு வேறு. நர்சரிகளில் செடி விற்கும்போது தவறாமல் சொல்லப்படும் வாக்கியம் அது. அதன் வேர் 1989-ல் நாசாவுக்காக பி. சி. வுல்வர்டன் செய்த சோதனையில் இருக்கிறது. அவர் செடிகளை வைத்தது காற்றுப் புகாத சிறு பெட்டிகளில். கதவு திறந்து மூடும், குளிர்சாதனம் ஓடும் அலுவலகம் அப்படிப் பெட்டியாக இருப்பதில்லை. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்ட ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தார் 2019-ல் சொன்னது: கட்டடத்தின் சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும். அத்தனைக்குப் பிறகு நாற்காலி போட இடம் இருக்காது. காற்றுக்காகச் செடி வைக்கிறோம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டால் தேர்வு எளிதாகிறது. கண்ணுக்காக வைக்கலாம், அதுவே போதுமான காரணம்.

செடி வாங்கப் போகிறவரிடம் கடையில் சில கேள்விகள் கேட்பார்கள். தொட்டி எவ்வளவு ஆழம், பூ வேண்டுமா, வெயில் படுமா, என்ன விலையில் பார்க்கிறீர்கள். இடக்கொச்சியில் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது: மண்டிப்போனால் இதை எங்கே கொட்டுவீர்கள்? இங்கே கொட்டுகிற எதுவும் ஓடைக்குப் போகும். ஓடை, தோடு என்று இங்கே சொல்லும் கால்வாய்க்குப் போகும். தோடு காயலுக்குப் போகும். மட்டாஞ்சேரிப் பக்கம் ராமேஸ்வரம்–கல்வத்திக் கால்வாய் ஆனாலும் சரி, தெற்கே பெயரற்ற சின்னத் தோடுகள் ஆனாலும் சரி, தண்ணீருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

இப்படித் தொட்டியிலிருந்து வெளியே போன செடிகளின் கதை நீளமானது. இலங்கையில் 1939-ல் கொழும்பில் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் வழியாகத் தீவுக்குள் வந்த ஒரு மிதக்கும் பெரணி, சில ஆண்டுகளில் வாய்க்கால்களையும் நெல்வயல்களையும் பிடித்துக்கொண்டது. அதுதான் சால்வினியா. கேரளத்தில் 1950-களில் தென்பட்டு, 1960-களில் குட்டநாட்டின் பெருந்தொல்லையாக வளர்ந்தது. இங்கே மக்கள் அதை ஆப்பிரிக்கன் பாயல் என்று அழைத்தார்கள். வள்ளம் ஓடவில்லை, வயலில் ஏர் இறக்க முடியவில்லை. பெயரில் ஆப்பிரிக்கா இருந்தாலும் அதன் தாயகம் பிரேசில். விதையே இல்லாத செடி. ஒரு துண்டு முறிந்தால் அது இன்னொரு செடி. தோதான தண்ணீர் கிடைத்தால் சில நாளிலேயே இரண்டு மடங்காகிவிடும்.

அதை அடக்கிய கதையில் பெயர் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பாடமே இருக்கிறது. நெடுநாள் அதை சால்வினியா ஆரிகுலாட்டா என்ற வேறோர் இனமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த இனத்தைத் தின்னும் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள், பலனில்லை. 1972-ல் டி. எஸ். மிட்செல் இது தனி இனம் என்று கண்டு சால்வினியா மொலெஸ்டா என்று பெயர் வைத்தார். அதன் பிறகு தென்கிழக்குப் பிரேசிலில் அதன் சொந்த ஊரைத் தேடிப் போனவர்களுக்கு அங்கே அதைத் தின்று வாழும் ஒரு கூன்வண்டு கிடைத்தது. இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள பூச்சி. ஆஸ்திரேலியாவில் அது ஏரிகளைச் சுத்தமாக்கிக் காட்டியது. 1983-ல் இந்தியாவுக்கு வந்தது, கேரளத்து நீர்நிலைகளிலும் விடப்பட்டது, சில ஆண்டுகளிலேயே குட்டநாட்டின் பல இடங்களில் பாயல் பின்வாங்கியது. செடியின் சரியான பெயரும் ஊரும் தெரிந்த நாளில்தான் அதற்கு எதிரியும் தெரிந்தது.

அண்மைக் கதை ஒன்று. 2020-ல் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவுக்குப் பக்கத்தில் ஆவளப் பாண்டி என்ற நீர்ப்பரப்பு முழுக்க இளஞ்சிவப்புப் பூ பூத்தது. படங்கள் பரவின, நோய்த்தொற்றுக் காலத்திலும் கூட்டம் கூட்டமாக மக்கள் பார்க்க வந்தார்கள். முள்ளன் பாயல் என்று அதற்கு ஊரில் பெயர். தாவரவியலார் அதை கபோம்பா ஃபர்காட்டா என்கிறார்கள். தென் அமெரிக்காவின் நீருக்கடிச் செடி, மீன்தொட்டிக் கடைகளில் விற்பது. பூவைப் பறித்துக்கொண்டு, கொடியையும் வேரோடு கையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். பார்க்க வந்தவர்களே பரப்புகிறவர்களாக மாறினார்கள். ஒரு செடியின் அழகைக் கண்டு யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்பதுதான் இதில் வேதனை.

நம் பக்கத்துச் செடியும் வெளியூரில் இதைச் செய்திருக்கிறது. வேலம்பாசி என்று தமிழில் சொல்லும் ஹைட்ரில்லா 1950-களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்கு மீன்தொட்டிச் செடியாகப் போனது. ஃபுளோரிடாவில் டாம்பா நகரத்து வியாபாரி ஒருவருக்கு வந்த கட்டு தேறாததாகத் தோன்றியது. கடைக்குப் பக்கத்துக் கால்வாயில் போட்டார். சில மாதத்தில் அது அங்கே தழைத்திருந்தது. இன்று அந்த மாநிலம் ஆண்டுதோறும் பெரும் பணம் செலவழித்து எதிர்த்து நிற்கும் நீர்க்களை அதுதான். அந்த வியாபாரி கெட்டவர் இல்லை. வாடிய செடியைத் தண்ணீரில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று எவரும் நினைப்பதைத்தான் நினைத்தார். அலுவலகத்தில் தொட்டி கழுவுகிறவரும் அதையே நினைப்பார்.

ஆகவே பெயரும் ஊரும் தெரிந்த செடி வேண்டும். இதில் கொச்சிக்கு வேறெந்த ஊருக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது.

1663-ல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தார்கள். 1670 முதல் 1677 வரை மலபாரின் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் இந்த மண்ணின் செடிகளை எழுதி வைக்க நினைத்தார். அதன் விளைவு 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்': ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை அச்சான 12 தொகுதிகள், 742 செடிகள். லத்தீனில் எழுதப்பட்ட அந்த நூலின் அறிவு முழுக்க இந்த மண்ணினது. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி மருத்துவர்கள் உதவினார்கள். செடிகளின் மலையாளப் பெயரையும் மருந்துக் குணத்தையும் சொன்னவர்களில் முதன்மையானவர் சேர்த்தலைக்குப் பக்கத்துக் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். 1675 ஏப்ரல் 20 தேதியிட்டு அவர் எழுதிக் கொடுத்த சான்று அந்த நூலிலேயே அச்சாகியிருக்கிறது. கே. எஸ். மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்து அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003-ல் அதை வெளியிட்டது, 2008-ல் மலையாளத்திலும் வந்தது.

11ஆம் தொகுதி, 1692. தண்ணீர்ச் செடிகள் பல அதில்தான் இருக்கின்றன. ஆம்பல், தாமரை, வயம்பு, நெய்தலாம்பல். பெயர்களை வாசிக்கும் தமிழருக்கு உடம்பு சிலிர்க்கும். நெய்தல் என்று ஒரு திணைக்கே பெயர் வைத்த மொழி நம்முடையது. அந்தச் சொல், இட்டி அச்சுதன் வாயிலிருந்து புறப்பட்டு, 'நெடெல் அம்பெல்' என்ற எழுத்துக்கூட்டலோடு ஆம்ஸ்டர்டாம் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பின்னால் லின்னேயஸ் அந்தச் செடிக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தபோது இந்தப் பக்கத்தைத்தான் சுட்டினார். வயம்பு என்பது நம் வசம்பு, பிள்ளை வளர்ப்பான்.

அதே தொகுதியில் குடப்பாயலும் உண்டு. பிஸ்டியா என்று விஞ்ஞானத்தில் பெயர். வெல்வெட்டில் செய்த கோசுக்கீரை போலத் தண்ணீரில் மிதக்கும். தமிழ்ச் சித்த மருத்துவ நூல்கள் ஆகாயத்தாமரை என்பது இதைத்தான். இப்போது செய்தித்தாள்கள் அதே பெயரைக் குளவாழைக்கும் கொடுத்துவிட்டன, அதனால் ஒரு பெயரில் இரண்டு செடிகள். நீர்த்தொட்டிக்கென்று கடைகளில் முதலில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் குடப்பாயலை. விலை மலிவு, மண் வேண்டாம், உடனே அழகு. இட்டி அச்சுதன் அறிந்த செடிதானே, வைத்தால் என்ன என்று தோன்றும்.

அங்கேதான் சேர்த்தலை மறுபடி வருகிறது. இடக்கொச்சியிலிருந்து அரூர் தாண்டித் தெற்கே நெடுஞ்சாலை போகும் ஊர் அது. அங்கே தென்னைக்கு உரமாகவென்று குளங்களில் பாயல் வளர்த்தார்கள். மான்சோனியா என்ற கொசுவின் புழுவுக்கு மற்றக் கொசுப்புழு போல மேலே வந்து மூச்சு விடும் வழக்கம் கிடையாது. குடப்பாயல் போன்ற செடிகளின் வேரில் தன் மூச்சுக்குழலைக் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றையே குடித்து வாழும். அதனால் தண்ணீரில் எண்ணெய் ஊற்றினாலும் சாகாது. அந்தக் கொசு பரப்பியது யானைக்கால் நோய். இந்தக் கடற்கரையில் அது எவ்வளவு பரவியிருந்தது என்றால், பழைய ஐரோப்பிய எழுத்துகளில் அந்த நோய்க்கே 'கொச்சிக் கால்' என்று பெயர். புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1986-ல் சேர்த்தலையில் இறங்கியபோது மருந்தோடு செய்த முக்கிய வேலை, ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு குளத்துப் பாயலை வாரியெடுத்ததும், பாயல் போன குளத்தில் மீன் வளர்க்கச் சொன்னதும்தான். மீன் காசு தந்தது, அதனால் குளம் சுத்தமாக இருந்தது. முந்நூறு ஆண்டுக்கு முன் ஒரு வைத்தியர் பெயர் சொன்ன செடியை, அவருடைய ஊர்ப் பக்கத்திலேயே மக்கள் இப்படிக் குளம் குளமாக வெளியேற்றினார்கள். ஆகவே, குடப்பாயல் வேண்டாம்.

தாமரையும் வேண்டாம், ஆனால் காரணம் வேறு. அலுவலக விளக்கின் ஒளி மேசைமேல் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ். தாமரைக்கும் ஆம்பலுக்கும் நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். ஊரடங்குக் காலத்துக்குப் பிறகு கேரளத்தில் எத்தனையோ பெண்கள் மொட்டைமாடித் தொட்டிகளில் தாமரை வளர்த்து விற்று வருமானம் பார்க்கிறார்கள், அது வெயில் செய்கிற வேலை. அதே கிழங்கைக் குளிர்சாதன அறைக்குள் வைத்தால் முதல் இலை நீண்டு நீண்டு வெளிச்சத்தைத் தேடி, இரண்டாவது மாதம் அழுகும். கண்ணெதிரே ஒரு செடி பட்டினி கிடந்து சாவதை வரவேற்பறையில் வைக்கக் கூடாது.

கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் ஆல்ஃப்ரட் ஹவுஸ் வீதியில் 1960-களின் தொடக்கத்தில் கட்டிய ஒரு வீடு பிறகு அவருடைய அலுவலகமாகவே ஆனது. இன்று அது காலரி கஃபே. முற்றத்தின் பின் முற்றமாக அமைந்த இடம், நடுவில் தண்ணீர், மேலே வானம். அங்கே செடியும் நீரும் தழைத்ததற்கு முதல் காரணம் கூரை இல்லாததுதான். நம் நடுமுற்றமும் அப்படித்தான். மூடிய கூடத்தில் அந்தக் காட்சியை அப்படியே வைக்க ஆசைப்படுவதில்தான் பாதிச் செடிகள் சாகின்றன. ஜன்னலோரத்தில் ஓரிரு மணி நேர வெயில் படும் இடம் இருந்தால் அங்கே ஈரமண் சட்டியில் வசம்பு வைத்துப் பார்க்கலாம். இலையைக் கசக்கினால் கூடமே மணக்கும். நெய்தலாம்பலுக்கும் அந்த ஜன்னல்தான் இடம், அதுவும் தெற்கோ மேற்கோ பார்த்த ஜன்னலாக இருந்தால்.

வெயிலே படாத உள்கூடத்துக்கு? ரீடின் 11ஆம் தொகுதியில் 'கரின் போலா' என்று ஒரு படம் இருக்கிறது. கரிம்போள. லாஜெனாண்ட்ரா என்ற பேரினம், நம் சேம்பின் குடும்பம். இந்தப் பேரினமே இந்தியாவிலும் இலங்கையிலும் அவற்றை ஒட்டிய நிலங்களிலும்தான் வளர்கிறது. மரநிழல் விழும் ஓடைக்கரையில், வேர் தண்ணீரிலும் இலை காற்றிலுமாக நிற்பது அதன் குணம். அலுவலகத் தொட்டியின் மங்கிய வெளிச்சம் அதற்கு அந்நியம் இல்லை. தடித்த கரும்பச்சை இலை முழங்காலுக்கு மேல் எழும், ஆகவே பெரிய தொட்டிக்குத்தான் ஏற்றது. சின்னத் தொட்டிக்கு அதன் தங்கை போல லாஜெனாண்ட்ரா மீபோல்டி இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாதது, இலையில் செம்பு நிறம் படர்வது. உலகெங்கும் மீன்தொட்டி வளர்ப்பவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். தொட்டிச் செடி கேட்கும் நம் ஊர்க்காரருக்கு அது இருப்பதே தெரியாமலிருப்பதுதான் வருத்தம்.

அதே குடும்பத்தில் கிரிப்டோகோரைன். தண்ணீருக்குள் மூழ்கியே வாழும், மெதுவாக வளரும், குறைந்த வெளிச்சம் தாங்கும். கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸ் கேரளத்து நீரோடைகளிலேயே உண்டு. மீன்தொட்டி உலகத்தில் எல்லோரும் அறிந்த கிரிப்டோகோரைன் வென்ட்டி இலங்கையது. நட்ட முதல் வாரத்தில் இலையெல்லாம் கரைந்து போவது அதன் இயல்பு. செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடாமல் ஒரு மாதம் பொறுத்தால் அடியிலிருந்து துளிர்க்கும்.

இரண்டு எச்சரிக்கை. கரிம்போளயின் சாறு கருணைக்கிழங்கைவிட மோசமாக அரிக்கும், சில உறவினங்கள் நச்சு. கையுறை போட்டு வெட்ட வேண்டும், குழந்தைகள் வந்துபோகும் இடமென்றால் கை எட்டாமல் வைக்க வேண்டும். இரண்டாவது, ஓடையில் போய்ப் பிடுங்கிவரக் கூடாது. ஒரு மலையின் சில நீரோடைகளில் மட்டும் வாழும் செடியை அலுவலக அழகுக்காக அங்கிருந்து பெயர்த்தெடுப்பது, குளவாழையைக் காயலில் விடுவதற்கு எந்த விதத்திலும் குறைந்த தீங்கல்ல. ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் பெருக்கிய நாற்றுகள் டப்பாவில் கிடைக்கின்றன. அதில் நத்தையும் பாசியும் ஒட்டி வராது என்பது கூடுதல் நன்மை.

மேற்கு ஆப்பிரிக்காவின் அனுபியாஸ், பசிபிக் தீவொன்றிலிருந்து உலகம் சுற்றிய மணி பிளாண்ட் இரண்டும் நிழல் தாங்கும், தொட்டிக்குள் இருக்கும்வரை சாது. மணி பிளாண்ட்டை மட்டும் வெளியே மரத்தடியில் விடக் கூடாது, மரத்தையே மூடும். மேசைமேல் கண்ணாடிக் குவளையில் நிற்கும் லக்கி பேம்பூ மூங்கிலே கிடையாது, மத்திய ஆப்பிரிக்காவின் டிரசீனா. 2001-ல் சீனாவிலிருந்து கப்பலில் தண்ணீரோடு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போன லக்கி பேம்பூவில் புலிக்கொசுவும் போய் இறங்கியது. டெங்குவைப் பரப்பும் இனம். செடியைக் குற்றம் சொல்ல முடியாது. நின்ற தண்ணீர் எதுவானாலும் கொசுவுக்குத் தொட்டில்தான்.

கேரளத்தில் கொசுவை எதிர்த்து வாரத்தில் மூன்று நாள் 'ட்ரை டே' என்று வைத்திருக்கிறார்கள். வெள்ளி பள்ளிகளுக்கு, சனி அலுவலகங்களுக்கு, ஞாயிறு வீடுகளுக்கு. அன்று தேங்கிய தண்ணீரையெல்லாம் கவிழ்த்துவிட வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதே கணக்கு. கவிழ்க்க முடியாத தொட்டியில் மீன் விடலாம். கப்பியும் கம்பூசியாவும் வெளிநாட்டவை, அவையும் தோட்டுக்குப் போனால் தொல்லை. இங்கேயே மானத்துக்கண்ணி இருக்கிறது. நெற்றியில் ஒரு வெள்ளிப் பொட்டோடு நீரின் மேல்மட்டத்தில் அசையாமல் நிற்கும் விரலளவு மீன். மானம் என்றால் வானம், நம் கிராமத்துப் பேச்சிலும் அப்படித்தான். கொசுப்புழு அதன் பிரியமான உணவு.

தண்ணீர் எப்படி அசைகிறது என்பதும் செடியைப் போலவே யோசிக்க வேண்டியது. 2010-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு மருத்துவமனையின் முன்கூடத்திலிருந்த அலங்கார நீர்ச்சுவர் வழியாக எட்டுப் பேருக்கு லீஜியோனேர் நோய் வந்தது. அந்த நோயின் கிருமி 25 முதல் 45 டிகிரி வெப்பத்தில் பெருகும், நுண்துளியாகக் காற்றில் கலந்தால் நுரையீரலுக்குப் போகும். கொச்சியின் தண்ணீர் ஆண்டு முழுக்க அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. எனவே தெறிக்கிற ஊற்று, சாரல் அடிக்கும் சுவர் இரண்டும் உள்கூடத்துக்கு ஆகாது. கல்லில் ஓசையில்லாமல் வழிந்தால் போதும். அதுவும் வாரம் தவறாமல் கழுவப்பட வேண்டும்.

எந்தத் தண்ணீர்? இதைத்தான் மேற்குக் கொச்சியில் கடைசியாக நினைக்கிறார்கள், முதலில் நினைத்திருக்க வேண்டும். சுற்றிலும் தண்ணீர் உள்ள இடக்கொச்சியில் கிணறு உவர்க்கும். குழாய்த் தண்ணீர் தொலைவிலுள்ள ஆற்றிலிருந்து வருகிறது. 2023 பிப்ரவரியில் பாழூர் நீரேற்று நிலையத்து மோட்டார்கள் பழுதானபோது இந்தப் பகுதி வாரக்கணக்கில் டேங்கர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தது. அப்படிப்பட்ட நாளிலும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குடிநீர் கல்லில் வழிந்துகொண்டிருந்தால் தெருவில் நிற்பவர் மனம் என்ன பாடுபடும்? ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில் தோபி கானா இருக்கிறது. டச்சுக் காலத்தில் படைவீரர் உடுப்பு வெளுக்க அழைத்து வரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே தொட்டி தொட்டியாக நின்று துணி வெளுக்கிறார்கள். 1976-ல் கட்டப்பட்ட கூடம். கொச்சியில் தண்ணீரைச் சுற்றி அமைந்த உண்மையான பணியிடம் அதுதான், ஒரு குடம் தண்ணீருக்கு என்ன மதிப்பு என்று அங்கே கேட்கலாம். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. கூரைத் தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்து வைத்தால் அலங்காரத்துக்கு அது போதும், குளோரின் இல்லாததால் செடிக்கும் மீனுக்கும் அதுவே நல்லது. மழை இல்லாத மாதங்களில் மோட்டாரை நிறுத்தி, தொட்டியைப் பாதியாக்கி, ஓர் உருளியில் நாலு செம்பருத்தியை மிதக்கவிட்டு அன்றன்றைக்கு மாற்றினாலும் கூடத்துக்கு அழகு குறையாது.

புதுச் செடி வந்தால் நேரே தொட்டியில் போடாமல் இரண்டு வாரம் தனி வாளியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டு வந்த ஆப்பிரிக்கன் பாயலின் ஒரு துண்டு அங்கேயே தெரிந்துவிடும். தொட்டியின் வழிகுழாய் வாயில் நுண்வலை கட்ட வேண்டும். சனிக்கிழமை கழுவும்போது எடுத்த தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் வாளியில் இறங்கி மண்ணுக்குப் போக வேண்டும். வெட்டிய இலையும் வேரும் மொட்டைமாடியில் பழைய சாக்கின்மேல் நாலு நாள் வெயிலில் கிடக்கட்டும். ஐந்தாம் நாள் கையுறையோடு ஒரு பிடி எடுத்து நொறுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பொடியானது தென்னையடிக்கு. வளைந்து கொடுப்பது இன்னும் இரண்டு நாள் சாக்கிலேயே.